மெஷினைச் சோதித்த அத்திம்பேர்

என் அக்கா ருக்மணியின் கணவர் வெங்கடராகவன் திருப்பதியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் மடைப்பள்ளி வேலை பார்க்கிறார். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவர். மலைக்குப் போகிற கூட்டம் அந்தச் சந்துக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் அவருக்கு வருத்தம் உண்டு, வெளியே சொல்ல மாட்டார். கேட்டால், கூட்டம் வராததால்தான் எங்கள் பெருமாள் நிம்மதியாக அமுது செய்கிறார் என்பார்.

அத்திம்பேரைப் போன்ற சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஆட்டோவில் ஏறினால், டிரைவர் சுற்று வழியில் போகிறாரா என்று கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு வருவார். கடையில் பருப்பு வாங்கினால் கடைக்காரர் மேலே அள்ளிக் காட்டுவதைத் தொடமாட்டார், மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். நான் மைசூர்பாகு கொண்டுபோனால்கூட, எந்தக் கடை என்று கேட்டுவிட்டு, பிறகு ஏன் வாங்கினாய் என்றும் கேட்பார். எனக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அதாவது சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அத்திம்பேர் அதைச் சம்பளமில்லாமல், லீவு போடாமல் செய்கிறவர்.

அவர் வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பெருமாளுக்குப் படைக்கும் முன் தளிகையை யாரும் ருசி பார்க்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் அதன் வாசனைகூட மனித மூக்கில் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் அத்திம்பேர் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அடுப்பருகே போவார். உப்பு, புளி, நெய் எல்லாம் கையளவுதான். அந்தப் புளியோதரையை வாங்கிச் சாப்பிட்ட யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

வம்பு ஆரம்பித்தது போன கார்த்திகையில். மடைப்பள்ளியில் விறகடுப்போடு பால் காய்ச்சுவதற்கென்று ஒரு கேஸ் அடுப்பும் உண்டு. அதன் குழாய் ஒருநாள் கசிந்திருக்கிறது. அத்திம்பேர் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் திருத்திக்கொண்டிருந்தார். வெளி மண்டபத்தில் பூக்கட்டும் வசந்தாதான் வாசனை பிடித்துக் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அவர் அப்போது விறகடுப்பை மூட்டுவதற்காகத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தாராம். அன்றைக்குக் கோயில் தப்பியது பெருமாள் புண்ணியம். உனக்கு ஏன் தெரியவில்லை என்று எல்லோரும் கேட்டதற்கு, துணி கட்டியிருந்தேன், அதனால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நியாயமான பதில்தான் என்று நானும் நினைத்தேன்.

கோயில் தர்மகர்த்தா தனசேகர். நகரியில் விசைத்தறி வைத்திருந்த குடும்பம், இப்போது திருப்பதியில் புடவைக் கடை. கோயில் மண்டபம் அவர் அப்பா கட்டியது. கேஸ் கசிந்த மறுவாரம் அவர் அத்திம்பேரைக் கூப்பிட்டு, வருஷக்கணக்காக மூக்கடைத்த குரலில் பேசுகிறீர்களே, ஒரு தடவை மூக்கைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். ஆஸ்பத்திரி பெயரையும் அவரே சொன்னார். தன் அக்கா மகன் அங்கே ஸ்கேன் எடுக்கிற பிரிவில் இருப்பதாகவும், சொல்லி வைப்பதாகவும் சொன்னார்.

அத்திம்பேருக்கு இது போதாதா? நான் குடியிருக்கும் சத்தியவேட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“சோழியன் குடுமி சும்மா ஆடுமாடா அச்சுத்? என் மூக்கு மேல அவனுக்கென்ன இத்தனை அக்கறை?” என்றார்.

எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சமையல்காரர் வேலை கேட்டு இரண்டு தடவை தனசேகர் கடைக்கு வந்துபோனது சந்து முழுக்கத் தெரிந்த சேதி. ஆனால் அத்திம்பேர் மூக்கு அடைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு படுகிற பாடு என்னவோ நிஜம். மார்கழி முழுக்கப் பொங்கல் தளிகை இருக்கிறது, அது முடிந்ததும் போகலாம் என்று தை முதல் வாரத்தில் நாள் வைத்தோம். அக்கா வருகிறேன் என்றாள். வேண்டாம், நீ கவலைப்படுவாய் என்று அத்திம்பேர் ஒரே பேச்சில் அடக்கிவிட்டார். அவர் அக்காவின் கவலையைப் பற்றிக் கவலைப்பட்டு நான் அதற்குமுன் கண்டதில்லை. அப்போதே நான் யோசித்திருக்கலாம்.

டாக்டர் தேவசேனாவும் நகரிப் பக்கத்துக்காரர்தான். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்துப் போலச் சதை வளர்ந்திருக்கிறது, அறுவை செய்துதான் எடுக்கவேண்டும் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் புது விஷயம். இந்தச் சைனஸ் வியாதியில் பல ஜாதி உண்டாம். ஒரு ஜாதியில் ஈஸினோபில் என்கிற ரத்த அணு சதைக்குள் கூட்டமாகக் குடியேறிவிடும். அதை எடுத்தாலும் மறுபடி வளரும். அப்படியானால் முன்னதாகவே மருந்து கொடுத்து, இன்னும் அகலமாகச் சுத்தம் செய்து, பிறகும் காலமெல்லாம் கவனிக்கவேண்டும். இன்னொரு ஜாதி அவ்வளவு பிடிவாதம் பண்ணாது. எது என்பது வெட்டி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். ஆனால் இப்போது ஒரு கம்ப்யூட்டரை அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். முன்னால் அறுவை செய்துகொண்டவர்களின் படம், ரத்தக் கணக்கு, அவர்கள் சொன்ன தொந்தரவுகள், கடைசியில் சதையில் தெரிந்த முடிவு என்று எல்லாவற்றையும் அதற்குக் காட்டிக் காட்டி, புதிதாக ஒருவர் வந்தால் வெட்டுவதற்கு முன்பே இன்ன ஜாதியாக இருக்கலாம் என்று சொல்ல வைக்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அது சொல்வது வேதம் இல்லை, சம்மதமானால் உங்களுக்கும் போட்டுப் பார்க்கிறேன் என்றார் டாக்டர்.

அத்திம்பேர் சம்மதித்துவிட்டார். அவர் அத்தனை சீக்கிரம் சம்மதித்ததும் எனக்குத் திக்கென்றது.

வெளியே காத்திருந்தபோது, அது எப்படியடா சொல்லும் என்று என்னைக் கேட்டார். எங்கள் கம்பெனியிலும் அப்படி ஒன்று உண்டு. பெல்ட்டில் வருகிற சாமானில் கீறல் இருக்கிறதா என்று ஒரு கேமரா பார்க்கும். ஆயிரக்கணக்கில் நல்லதையும் கெட்டதையும் காட்டிப் பழக்கினோம். முதலில் என்ன ஆயிற்று என்றால், பழக்கும்போது கெட்ட சாமானை எல்லாம் சிவப்புத் தட்டில் வைத்துக் காட்டியிருந்தார்கள். கேமரா கீறலைக் கற்றுக்கொள்ளாமல் சிவப்புத் தட்டைக் கற்றுக்கொண்டுவிட்டது. சிவப்புத் தட்டில் எதை வைத்தாலும் கெட்டது என்றது. பிறகு சரிசெய்தோம், இப்போது என்னைவிட நன்றாகப் பார்க்கிறது. பொழுது போகட்டும் என்று இதைச் சொன்னேன். அத்திம்பேர் முன்பாதியை மட்டும் எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

கேள்வி கேட்க வந்தவள் கன்னிகா என்கிற நர்ஸ். அவளும் நகரிதான். பேச்சிலேயே தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு வந்தாள்.

“சாமி, வாசனை நல்லா தெரியுதா, கம்மியா, சுத்தமா இல்லியா?”

“பேஷா தெரியறது.”

“வலி மாத்திரை எதுனா போட்டு மூச்சு புடிச்சிக்கினு கஷ்டப்பட்டீங்களா?”

“கிடையாது.”

“இப்போ வேற மாத்திரை எதுனா துன்னுக்கினு இருக்கிறீங்களா?”

“துளசி தீர்த்தம். அவ்வளவுதான்.”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பதிலிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தரம் பார்க்கிற லட்சணம் அப்படி.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். பிடிவாத ஜாதியாக இருக்க நூற்றுக்கு இருபத்துச் சொச்சம்தான் வாய்ப்பு என்று மெஷின் சொல்லியிருந்தது. நல்ல சேதி. ஆனால் டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்கேன் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். கண்களுக்கு நடுவே இருக்கும் அறைகள்தான் அதிகமாக அடைத்திருக்கின்றன, அது பெரும்பாலும் அந்தப் பிடிவாத ஜாதியின் வேலை, இப்படி இருப்பவருக்கு வாசனை தெரிவது அபூர்வம் என்றார். மறுபடி கேட்டார். அத்திம்பேர் மறுபடி அதே பதிலைச் சொன்னார்.

“படம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. மெஷினு உங்க பேச்சை நம்பிக்கிச்சி. எனக்குத்தான் நம்பிக்கை வரலை சாமி” என்றார் டாக்டர். ஆனாலும் அறுவைக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஓட்டலில் எனக்குக் காபி சொன்னேன். அத்திம்பேர் வெளியில் எதுவும் சாப்பிட மாட்டார், சும்மா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். நான் என்னவென்று கேட்டேன்.

“எனக்கு வாசனையே கிடையாதுடா. நாலு வருஷமா கிடையாது. உன் மெஷின் கண்டுபிடிச்சுதோ?”

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அவரோ ஜெயித்த குஷியில் எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு செத்துப்போனது தெரிந்தால் தனசேகர் மடைப்பள்ளிச் சாவியை வாங்கிவிடுவான். தன் அக்கா மகனை வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வாங்கத்தான் இந்த ஏற்பாடே. கம்ப்யூட்டர் என்பது வெறும் சாக்கு. ஆகவே வாசனை இருக்கிறது என்று சொல்லி அவன் வாயை அடைத்தாயிற்று. அதோடு மெஷின் நிஜமா பொய்யா என்பதையும் சோதித்தாயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சோதனை என்று அவர் சொன்னது எதை என்று எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஜோசியரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. செத்துப்போனவரின் ஜாதகத்தைக் கொண்டுபோய், இந்தப் பையனுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். கெட்டிக்கார ஜோசியர் என்றால் ஜாதகத்தைத் தள்ளிவைத்துவிடுவார். போலி என்றால் வருகிற ஆவணிக்குள் நடக்கும் என்பார். அத்திம்பேர் தன் மகள் நீரஜாவுக்கு வரன் பார்த்தபோது மூன்று ஜோசியர்களை இப்படி விரட்டியவர். இப்போது டாக்டருடைய கம்ப்யூட்டரிடமும் செத்தவன் ஜாதகத்தை நீட்டியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்க அது என்ன போலீஸ் நாயா? மற்றவர்கள் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று நம்பித்தான் அது படித்திருக்கிறது, நாம் போட்ட சாமானைத்தான் அது சமைக்கும் என்றேன். அவர் ஒப்பவில்லை. நல்ல சமையல்காரனுக்குச் சாமான் கெட்டது தெரியும் என்றார்.

“ருசி பார்க்காமலா? ஸ்டோர்ல சர்க்கரை டப்பாவுல உப்பை நெரப்பி வெச்சா உங்க அக்காரவடிசல் என்ன ஆகும் அத்திம்பேர்?”

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் போய் நான் எதையும் மறைக்கவில்லை. அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசனை விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். அவள் கேட்டது வேறொன்று.

“சித்தூர்ல போட்ட மாத்திரையைச் சொன்னேளா?”

அத்திம்பேர் துண்டைக் கொடியில் போடப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் சித்தூரில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் அத்திம்பேருக்கு மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹோமப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். இப்போது அக்கா சொல்கிறாள், அது புகை இல்லையாம். பல்வலிக்கு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டார், அரை மணியில் அப்படி ஆயிற்று. அதற்குமுன் ஒரு தடவை வீட்டிலும் நடந்ததாம். வியாதிக்காரன் என்று பெயர் வந்தால் மடைப்பள்ளிக்குள் விட மாட்டார்கள் என்று இரண்டையும் மறைத்திருக்கிறார். இன்னும் ஒன்றும் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் யாரோ பழக்கிவிட்ட சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் போட்டால் ஓரிரு நாளில் மூக்கு திறந்து வாசனை எட்டிப் பார்க்கும். திருவிழா நாட்களில் தைரியத்துக்காக அதைப் போட்டுக்கொள்வார். இந்த மார்கழியில் கேஸ் பயத்தில் தினமும் போட்டுக்கொண்டிருந்தார், ஆனால் இந்தத் தடவை அதற்கும் மூக்கு திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் பூசணித் தோட்டத்தையே மறைத்திருக்கிறார்.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள். அத்திம்பேர் முடியாது என்றார். சொன்னால் தனசேகருக்குப் போகும். போனால் அந்தக் காஞ்சிபுரத்துக்காரன் அடுத்த நாளே வந்து நிற்பான். இருபத்தேழு வயதில் உள்ளே போனவன் நான், என்னை வெளியே உட்கார வைத்து எவனோ பண்ணின தளிகையைப் பிரசாதமாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறாயா என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் பயம் ஏறியது.

மறுநாள் காலை அவர் கோயிலுக்குப் போனதும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேண்டாம் என்ற காரியத்தை அவள் செய்து நான் பார்த்ததில்லை. ஆட்டோவில் நானும் கூடப் போனேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து மூன்றையும் சொல்லி முடித்தாள். வாசனை, வலி மாத்திரை, வெள்ளை மாத்திரை.

டாக்டர் எழுந்தே விட்டார்.

“நல்ல வேளை வந்தீங்கம்மா. ஆபரேஷன் முடிஞ்ச கையோட வலிக்கு நாங்க போடற ஊசி அந்த ஜாதி மருந்துதான். போட்டிருந்தா மூச்சு நின்னு போயிருக்கும்.”

மூக்கில் சதை, மூச்சிரைப்பு, வலி மாத்திரை ஒவ்வாமை மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வரும் என்று விளக்கினார். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, அது ரத்தத்தில் ஈஸினோபில் கணக்கைத் தற்காலிகமாக அமுக்கிவிடும். பொய்ப் பதில் ஒரு பக்கம், அமுங்கின ரத்தம் ஒரு பக்கம், மெஷின் பாவம் என்ன செய்யும்? அன்றைக்கே அறுவையைத் தள்ளிவைத்தார். இங்கே பேசினது இந்த அறையைத் தாண்டாது என்று அக்கா கேட்காமலே சொன்னார். அந்த ஸ்கேன் பையனை நினைத்து எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

சேதி கேட்டு அத்திம்பேர் கத்தவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்து, “என் கைங்கர்யத்துக்கு நீயே உலை வெச்சுட்டே” என்றார். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை விட்டுவிட்டார். சாதம் வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார். துணி வேண்டுமென்றால் கொடியைப் பார்ப்பார். அக்காவும் தட்டைப் பார்த்துப் பரிமாறினாள். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். கன்னிகா மறுபடி கேள்விகள் கேட்டாள். இந்தத் தடவை அத்திம்பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். மெஷின் நூற்றுக்கு எண்பத்தாறு என்றது. பிடிவாத ஜாதி. அத்திம்பேருக்கு அதிலும் ஒரு குறை. நான் பொய் சொன்னால் அதுவும் பொய் சொல்கிறது, நான் உண்மை சொன்னால் அதுவும் உண்மை சொல்கிறது, அப்படியானால் அதற்கென்று ஒரு புத்தி கிடையாதா என்று டாக்டரையே கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, அதனால்தான் சாமி கூடவே நானும் இருக்கிறேன் என்றார்.

அறுவை மாசியில் நடந்தது. அந்த ஊசி போடவில்லை, வேறு மருந்து கொடுத்தார்கள். எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்ததில் ஈஸினோபில் திருவிழாக் கூட்டமாக நின்றிருந்தது. மெஷின் சொன்னது சரி, டாக்டர் சந்தேகப்பட்டதும் சரி. திரும்ப வளரக்கூடும், மூக்கைத் தினம் உப்புத் தண்ணீரில் கழுவவேண்டும், மருந்து அடிக்கவேண்டும், விடக்கூடாது என்று அனுப்பினார்கள். வாசனை வரலாம், வராமலும் போகலாம். வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அத்திம்பேர் சொல்லவில்லை. அக்கா கேட்க வழியில்லை. நான் கேட்டால், பார்ப்போம் என்று பேச்சை மாற்றினார். இதற்கிடையில் மடைப்பள்ளியில் காஞ்சிபுரத்துக்காரர் தற்காலிகமாக வந்துவிட்டார். அந்தத் தற்காலிகம் என்ற சொல்லை அத்திம்பேர் துளியும் நம்பவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது தனசேகர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். அத்திம்பேர் நேராக விஷயத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து எல்லாம் வந்து சேர்ந்ததா என்று கேட்டார். தனசேகர் கொஞ்ச நேரம் புரியாமல் விழித்தார். புரிந்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“எனக்கு ஆஸ்பத்திரில யாரும் எதுவும் சொல்லலை சாமி. ரெண்டு சுவரு தாண்டி வசந்தாவுக்கு வந்த கேஸ் வாசனை, ஒரு துணி தாண்டி உங்களுக்கு வரலைன்னா அதுக்கு மெஷினு வேணுமா? அன்னிக்கே தெரியும். எங்க நைனா கட்டின மண்டபத்துல நீங்க எரிஞ்சி போயிடக் கூடாதுன்னுதான் அனுப்பி வெச்சேன்.”

 அத்திம்பேர் இத்தனை நாள் கட்டிவைத்த சந்தேகம் எல்லாம் ஒரு நிமிஷத்தில் சரிந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது, அந்த ஸ்கேன் பையனை நானும் எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருப்பேன். ஆனால் தனசேகரும் சும்மா வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நெருப்பு விஷயம், கண்ணால் பார்க்காமல் சாவியைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து மூன்று எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் என்ன என்று சொல்லவேண்டும். சொன்னால் மடைப்பள்ளி. சொல்லாவிட்டால் காஞ்சிபுரத்துக்காரர்.

அத்திம்பேர் கேட்டது ஒன்றே ஒன்று. இதில் பெருமாளுக்கென்று வைத்தது ஏதாவது உண்டா? இல்லை, எங்கள் வீட்டுச் சாமான் என்றார் தனசேகர். அத்திம்பேர் தன் மேல்துண்டால் கண்ணைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டார். அக்கா சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இருவருக்கும் நடுவே நின்றேன்.

முதல் டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினார் தனசேகர். அத்திம்பேர் மெல்ல இழுத்தார். உருக்கின நெய், கொஞ்சம் பழசு என்றார். சரி. இரண்டாவதில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு. மூக்குக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே தலையைத் திருப்பிக்கொண்டு, கிருஷ்ணாயில் என்றார். அதுவும் சரி. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது டப்பாவைத் தனசேகர் திறந்தார். நானும் அக்காவும் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த வெறும் டப்பா.

அத்திம்பேர் இழுத்துப் பார்த்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மறுபடி இழுத்தார். நெற்றி வியர்த்தது. அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்கு அப்படியே தெரிந்தது. எதையோ ஒன்றை ஊகித்துச் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். கற்பூரம், ஏலக்காய், பெருங்காயம், எது வேண்டுமானாலும் இருக்கலாம். நாலு வருஷம் ஊரையும், பிறகு டாக்டரையும் ஏமாற்றிய வாய்க்கு இன்னொரு பொய் பெரிதா? அவர் உதடு ஒருமுறை அசைந்தது. நான் பெருமாளை நினைத்துக்கொண்டேன்.

“தெரியலை” என்றார் கடைசியில். “ஒண்ணும் வரலை. மத்தது வந்துது, இது என் மூக்குக்கு எட்டலை.” கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். “சாவியை அவருக்கே குடுத்துடுங்கோ. நெருப்போட விளையாடக் கூடாது.”

தனசேகர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அது வெறும் டப்பா சாமி. நாளையிலேர்ந்து வாங்க” என்றார்.

அத்திம்பேர் அசையவில்லை. கட்டையும் அவிழ்க்கவில்லை. அவர் இதையும் நம்பவில்லை என்று எனக்குப் புரிந்தது. இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். தனசேகர் டப்பாவை அவர் கையில் வைத்தார். அத்திம்பேர் அதைத் தடவிப் பார்க்காமல் அப்படியே சமையலறைப் பக்கமாக நீட்டினார்.

“ருக்மணி, நீ பார்த்துச் சொல்லு” என்றார்.

தை மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அக்கா வந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

“ஒண்ணுமே இல்லை. வெறும் டப்பாதான்.”

அத்திம்பேர் சரி என்று தலையாட்டினார். பிறகு கட்டை அவிழ்த்தார். டப்பா அக்கா கையில்தான் இருந்தது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.